கடலுக்குப் போகும் வெள்ளம் வீணா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெள்ளத்தைப் பற்றித்தான். ஆடியில் தொடங்கி ஆவணி வரைக்கும் கொள்ளிடம் கரை தொட்டு ஓடினால் வேறு எதைப் பற்றி எழுதத் தோன்றும்? மூன்று கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீண்டுவிட்டது. மற்ற இரண்டுக்கும் வேண்டிய விஷயம் அதிலேயே கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'கொள்ளிடக் கரையில் எனக்கு ஒன்றரை ஏக்கர் படுகை நிலம். இந்த வெள்ளத்தில் அதில் 20 சென்ட் கரையோடு சேர்ந்து ஆற்றுக்குள் போய்விட்டது. வெள்ளம் வந்து போனால் வண்டல் படியும், அடுத்த இரண்டு போகத்துக்கு உரமே தேவையில்லை என்று எங்கள் தாத்தா சொல்வார். இப்போது வரும் வெள்ளம் கொடுப்பதை விட்டு எடுத்துக்கொண்டு போகிறதே, ஏன்? இவ்வளவு தண்ணீரும் கடலில் வீணாகக் கலப்பதைத் தடுக்கவே முடியாதா?'
- மயிலாடுதுறை மாவட்ட வாசகர்

ஐயா, உங்கள் தாத்தா சொன்னதும் உண்மை, நீங்கள் பார்த்ததும் உண்மை. ஆறு அதேதான், அதில் வரும் தண்ணீர்தான் மாறிவிட்டது.

உங்கள் பகுதி ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல். படுகை, மேடு, திட்டு, மணல் என்று ஒவ்வொரு பெயரிலும் வெள்ளம் போட்டுவிட்டுப் போன மண் இருக்கிறது. நீங்கள் உழுகிற நிலம் எப்போதோ ஒரு வெள்ளம் இறக்கிவைத்த சுமை. குடகுமலைப் பக்கத்துப் பாறையும், மைசூர் மேட்டுச் செம்மண்ணும், கொங்கு நாட்டு ஓடைக்கரை மண்ணும் பல ஆயிரம் ஆண்டுகளாக அரைபட்டு வந்து இறங்கியதுதான் தஞ்சைச் சமவெளி.

இறங்குவதிலும் ஒரு வரிசை உண்டு. தண்ணீரின் வேகம் குறையக் குறைய, கனமானது முதலில் கீழே விழும். பெருமணல் ஆற்றின் நடுவிலேயே தங்கிவிடும். கரை தாண்டியதும் வேகம் சட்டென்று குறைவதால் குறுமணல் கரை ஓரத்தில் விழும். அதற்கும் அப்பால், தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் மட்டும்தான் வண்டலும் களியும் இறங்கும். களிமண் துகள் அடியில் போய்ச் சேரச் சில நாள்கூட ஆகும். அதனால்தான் கரையோர நிலம் மணற்பாங்காகவும், உள்ளே தள்ளியிருக்கிற வயல் களியாகவும் இருக்கிறது. உங்கள் தாத்தாவின் நிலத்தில் வெள்ளம் இரண்டு மூன்று நாள் நின்று வடிந்திருக்கும். பாய்ந்து ஓடிய வெள்ளம் என்றைக்கும் வண்டல் போட்டதில்லை.

இப்போது மாறிய விஷயத்துக்கு வருகிறேன். 1934-ல் மேட்டூர் அணை வந்தது. மேலே கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி. கிளை ஆறுகளில் பவானிசாகர், அமராவதி. ஓடிவருகிற ஆறு அணைக்குள் நுழைந்ததும் ஏரியாகிவிடுகிறது. வேகம் போனதும் மணல் மொத்தமும், வண்டலில் பெரும் பங்கும் அங்கேயே இறங்கிவிடும். 2017-ல் மேட்டூர் அணையில் வண்டல் எடுக்க விவசாயிகளுக்கு அனுமதி கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அணை கட்டி 83 ஆண்டு கழித்து முதன்முறையாக எடுத்தார்கள். அந்த வண்டலெல்லாம் நியாயமாக நம் வயலுக்கும் கடற்கரைக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டியது.

சில வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடியில், மேட்டூர் திறந்து ஒரு வாரம் ஆன நிலையில், அணைக்கரைப் பாலத்துக்குக் கீழே ஒரு சோடா பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து வீட்டு ஜன்னலில் வைத்தேன். மறுநாள் அடியில் நகக்கண் அளவுக்குத்தான் படிந்திருந்தது. அதே இடத்தில் அதே வருடம் ஐப்பசி மழையில், உள்ளூர் ஓடைகளெல்லாம் சேர்ந்து வந்த தண்ணீரைப் பிடித்தபோது ஒரு விரல் தடிமனுக்கு மண். இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களும் செய்து பார்க்கலாம், செலவில்லை.

சுமை இல்லாமல் வருகிற தண்ணீர் சும்மா போகாது. ஓடுகிற வேகத்துக்கு ஏற்ற மண்ணை அது தூக்கியே தீரும். மேலே இருந்து கொண்டுவந்திருந்தால் அதைச் சுமந்துகொண்டு போகும். இல்லாவிட்டால் வழியில் கிடைக்கிற ஆற்றுப் படுகையையும் கரையையும் அரிக்கும். அதோடு நாமும் ஆற்றுக்குள் இறங்கி ஆழ ஆழமாக மணலை அள்ளிவிட்டோம். படுகை தாழ்ந்துவிட்டது, கரை அந்தரத்தில் நிற்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அதே வாரத்தில் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. பழைய கட்டுமானம் என்பது ஒரு காரணம். காலடி மண் நகர்ந்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் 20 சென்ட் விழுந்தது வெள்ளம் உச்சத்தில் இருந்தபோதா, வடிந்த பிறகா? பெரும்பாலும் வடிந்த மறுநாள்தான் விழுந்திருக்கும். வெள்ளம் நிற்கும்போது கரைக்குள்ளேயும் தண்ணீர் ஊறி நிறைந்துவிடும். வெளியே நிற்கிற தண்ணீர் கரையைத் தாங்கிப் பிடித்திருக்கும். மேலே மதகை இறக்கியதும் ஆற்று மட்டம் மளமளவென்று குறையும். கரைக்குள் இருக்கிற தண்ணீர் அவ்வளவு வேகமாக வடியாது. ஊறிப்போன கனத்தோடு, தாங்க ஆளில்லாமல் கரை அப்படியே சரியும். அதனால் வெள்ளம் வடிந்து நான்கைந்து நாளுக்குக் கரை ஓரத்தில் மாடு கட்டாதீர்கள், டிராக்டர் இறக்காதீர்கள். வெடிப்பு விட்டிருந்தால் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

மீதி நிலத்தைக் காக்க, ஆற்றுக்குள் குப்பை கூளத்தையும் கட்டட இடிபாடுகளையும் கொட்டுவதால் பயனில்லை. அது தண்ணீரை எதிர்க்கரைக்காரர் நிலத்துக்குத் திருப்பிவிடும். நமக்குக் கீழே இன்னோர் இடத்தில் அரிப்பை உண்டாக்கும். சரிவைக் கொஞ்சம் சாய்த்துவிட்டு, தண்ணீர் ஓரத்தில் நாணலும் வெட்டிவேரும், அதற்கு மேலே நொச்சி, புங்கன், மூங்கில், நீர்மருது என்று அடுக்காக வையுங்கள். வேர் பிடிக்க இரண்டு மழைக்காலம் வேண்டும். அதற்குள் பெரிய வெள்ளம் வந்தால் போனதுதான், மறுபடி வைக்க வேண்டும். போன நிலத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலமாக மனு கொடுத்து, சர்வேயரை வைத்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எந்த அலுவலகத்திலும் நிற்காது.

இனி 'வீண்' என்ற வார்த்தை. ஒவ்வொரு வருடமும் செய்தித்தாளில் பார்க்கிறோம், 'கடலில் வீணாகக் கலக்கும் தண்ணீர்' என்று. நானும் வேலையில் இருந்த காலத்தில் மேடைகளில் அப்படிப் பேசியிருக்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

விநாடிக்கு 1 லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டி.எம்.சி. வீராணம் ஏரியின் மொத்தக் கொள்ளளவு 1.46 டி.எம்.சி. அந்த வேகத்தில் ஓடும் கொள்ளிடம் 4 மணி நேரத்தில் ஒரு வீராணத்தைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டுகிறது. 93.47 டி.எம்.சி. பிடிக்கிற மேட்டூரை அடியிலிருந்து நிரப்பவே அதற்கு 11 நாள் போதும். இதையெல்லாம் பிடித்து வைக்க நமக்கு இடமில்லை. இருக்கிற ஏரி, குளம், வடவாற்று வழி ஆகியவற்றைத் தூர் வாரி நிரப்புவது நம் கடமை. அதைச் செய்யாமல் வெள்ளத்தைத் திட்டுவது எனக்குப் பிடிக்காத காரியம். அதைச் செய்த பிறகும் மீதி கடலுக்குத்தான் போகும். போகவும் வேண்டும்.

ஏன் என்றால் கடலோரமும் ஆற்றை நம்பித்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் வெள்ள நீரில் 1 கிராம் மண் இருப்பதாகப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1 லட்சம் கன அடி ஓடும் ஆற்றில் ஒரு நாளில் கடலுக்குப் போகிற மண் ஏறக்குறைய 2 லட்சத்து 45 ஆயிரம் டன். ஆற்று வாயில் இறங்கும் மணலை அலை எடுத்துக்கொள்ளும். நம் கிழக்குக் கடற்கரையில் வருடத்தின் பெரும் பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவக்காற்றில் சில மாதம் திரும்பி வரும். கடற்கரை என்பது இப்படிப் போய்க்கொண்டே இருக்கிற மணல்தான். ஆறு புது மணல் போடாவிட்டால் அலை பழைய கரையைத் தின்னும்.

நன்றாகச் சேறான மண் மணலைவிட அதிக தூரம் போகும். வெள்ள நாளில் பழையாறு மீனவரைக் கேளுங்கள், கடல் எவ்வளவு தூரத்துக்குக் கலங்கலாக இருக்கிறது என்று சொல்வார். அந்தக் கலங்கலில் மணிச்சத்தும் தழைச்சத்தும் மணற்சத்தும் இருக்கின்றன. கலங்கல் தெளியத் தொடங்கி வெயில் உள்ளே இறங்கியதும், கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் பெருகும். அதைத் தின்னச் சிறு உயிர்கள், அவற்றைத் தின்ன மத்தி, நெத்திலி. நாம் வயலில் அடியுரம் போடுவது மாதிரிதான் இது.

இறாலின் கதை இன்னும் சுவையானது. வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும். குஞ்சு, நுனி விரலைவிடச் சிறியதாக இருக்கும்போதே அலையோடு முகத்துவாரத்துக்குள் வந்துவிடும். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்த சேற்றில், கண்டல் மரத்தின் வேர் இடுக்கில் ஒளிந்து வளரும். மழை வெள்ளம் வந்து உப்பு குறைந்ததும், வளர்ந்த இறால் கூட்டமாகக் கடலுக்கு இறங்கும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற பிச்சாவரம் காடு இந்தக் குஞ்சுகளுக்குத் தொட்டில். நல்ல தண்ணீர் வரத்து குறைந்தால் அந்தக் காட்டிலேயே மர வகைகள் குறையும். உப்பை நன்றாகத் தாங்குகிற வெண்கண்டல் மட்டும் பெருகி நிற்கும். பிச்சாவரத்தில் அதுதான் அதிகமாக இருக்கிறது.

ஆற்று மீனுக்கும் வெள்ளம்தான் சகுனம். கெண்டை வகைகள் புதுத் தண்ணீரின் குளிர்ச்சியும் கலங்கலும் பட்டதும்தான் எதிரேறி, கரையோரத்துப் புல்வெளியில் முட்டையிடும். வாய்க்கால் வழியே வயலுக்குள் வயிறு புடைத்து ஏறுகிற மீனைப் பார்த்திருப்பீர்கள். அதையே கூடை கூடையாகப் பிடித்துவிடுகிறோம், அது வேறு வருத்தம். கடலிலிருந்து காவிரிக்கு முட்டையிட ஏறி வந்த உல்லம் மீன் என்று ஒன்று இருந்தது. வங்காளத்துக்காரர் ஹில்சா என்று கொண்டாடுகிறாரே, அதே மீன். கீழணையும் மேட்டூரும் வந்த பிறகு அது நம் ஆற்றில் பேருக்குக்கூட இல்லாமல் போயிற்று.

வெள்ளம் கொண்டுபோவது எல்லாம் கடலுக்கு நல்லது என்று சொல்ல வரவில்லை. ஊர்ச் சாக்கடை, பிளாஸ்டிக், நாம் தெளித்து மீந்த பூச்சிமருந்து எல்லாம் அதே தண்ணீரில்தான் போகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் பரவியதைப் பார்த்தோம். ஒரேயடியாக நல்ல தண்ணீர் நிறைந்துவிட்டால் முகத்துவாரத்து மட்டிகள் செத்துப்போவதும் உண்டு. பிறகு அவை மீண்டு வரும். எண்ணெய் பட்ட சேறு அவ்வளவு சீக்கிரம் மீளாது.

கொள்ளிடத்தில் கதவணைகள் கட்ட வேண்டும் என்று கேட்கிறோம். கடல் நீர் ஏறுவதைத் தடுக்க, ஆதனூர்-குமாரமங்கலம் போன்ற இடங்களில் அது தேவைதான். கட்டும்போது மணல் போக வழி இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஆர்தர் காட்டன் 1836-ல் மேலணை கட்டியதே மண் பிரச்னைக்காகத்தான். கொள்ளிடம் சரிவு அதிகம், தண்ணீரை இழுத்துக்கொண்டது. காவிரியின் வாய் மணல் மேடிட்டுத் தூர்ந்துகொண்டு வந்தது. தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பியதோடு நிற்காமல், மணல் வெளியேற அணையிலேயே மதகும் வைத்தார். வெள்ளம் வரும்போது அடி மதகைத் திறந்து மணலைத் தள்ளிவிடாத அணை, சில காலத்தில் மேலே மணல் மேடாகவும் கீழே பள்ளமாகவும் ஆகிவிடும். அந்தப் பள்ளத்தில் இருப்பவர் உங்களைப் போன்ற படுகைக்காரர்.

'2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வாழைத் தோட்டத்தில் தாமிரபரணி மணல் கொண்டுவந்து கொட்டியது. ஒரு பக்கம் அரை அடி, ஆற்றுப் பக்கம் இரண்டு அடிக்கு மேல். கொஞ்சம் சீர்செய்தும் விளைச்சல் பழையபடி வரவில்லை. என்ன செய்யலாம்?'
- ஏரல் பக்கத்து வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழை அது. அணைக்குக் கீழே, உள்ளூரிலேயே பெய்து ஓடிய தண்ணீர் என்பதால் சுமையோடு வந்தது. உங்கள் தோட்டம் கரை ஓரம், ஆகவே மணல் பங்கு உங்களுக்கு விழுந்தது. உள்ளே தள்ளி இருக்கிற உறவினர் வயலில் வண்டல் படிந்திருந்தால் அவர் கொடுத்துவைத்தவர்.

முதலில் பத்துப் பதினைந்து இடத்தில் குழி வெட்டி, பழைய மண் எத்தனை அங்குலத்தில் தட்டுப்படுகிறது என்று அளந்து ஒரு தாளில் குறியுங்கள். மணல் 2 அங்குலம் வரை இருந்தால் வழக்கமான உழவே போதும். 2 முதல் 8 அங்குலம் வரை இருக்கிற இடத்தில், மேடான மணலைப் பரப்பிவிட்டு, இறகுக் கலப்பையால் ஆழ உழுது கீழ் மண்ணை மேலே புரட்ட வேண்டும். மணல் எவ்வளவோ, அதற்கு இரண்டு மடங்கு ஆழமாவது கலக்க வேண்டும். அரை அடிப் பக்கம் இப்படித் தேறிவிடும். வெறும் கல்டிவேட்டர் ஓட்டியிருந்தீர்கள் என்றால் மணல் மணலாகவே மேலே கிடக்கும். விளைச்சல் வராததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். இரண்டு அடிப் பக்கத்தை உழுது சரிசெய்ய முடியாது. ஜே.சி.பி. வைத்து வழித்து ஒதுக்கத்தான் வேண்டும். அந்த மணலை வெளியே கொண்டுபோவதற்கு அனுமதி வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். அனுமதி இல்லாமல் ஒரு நடை ஏற்றினாலும் வண்டி போகும், வழக்கும் வரும். செலவுக்கு வழியில்லை என்றால் அந்த ஓரத்தில் வாழையை மறந்துவிட்டு, தர்பூசணி, சர்க்கரைவள்ளி, நிலக்கடலை என்று மணலில் வருகிற பயிருக்கு மாறுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பயிரில்லாமல் நீண்ட நாள் தண்ணீர் நின்ற நிலத்தில், வேரோடு சேர்ந்து மணிச்சத்து எடுத்துக்கொடுக்கிற வேர்ப் பூசணம் குறைந்துவிடும். வெள்ளத்துக்கு அடுத்த பயிர் காரணம் தெரியாமல் கறுத்து, ஊதா ஓடி நிற்பது இதனால்தான். நிலத்தைச் சும்மா போடாமல் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுங்கள். அதன் பிறகு வாழைக் கட்டை நடும்போது குழிக்கு 'வேம்' கொஞ்சமும் தொழுவுரமும் போடுங்கள். மணலில் போட்ட உரம் தங்காது. மொத்தமாகப் போடுவதை நாலாகப் பிரித்துப் போடுங்கள்.

'சிதம்பரம் வட்டத்தில் கடைமடை. கோடையில் எங்கள் போர் தண்ணீர் உப்பாகிவிடும். கொள்ளிடத்தில் வெள்ளம் ஓடிய பிறகு இப்போது நல்ல தண்ணீராக வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரைப் பெரிதாக்கி மூன்றாம் போகத்துக்குத் தயாராகிறார். நானும் போடலாமா?'
- கடலூர் மாவட்ட வாசகர்

வேண்டாம் ஐயா. உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. வெள்ளம் ஆற்றில் ஏறிய கடல் நீரைப் பின்னுக்குத் தள்ளி, மணல் வழியாகக் கீழே இறங்கி, உப்பின் மேல் ஒரு போர்வையாகப் படுத்திருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பியும் அதே கணக்குத்தான். மோட்டார் போட்டு மட்டத்தை 1 அடி இறக்கினால், நாளடைவில் கீழே உப்பு 40 அடி மேலே வரும். பெரிய மோட்டாருக்கு நேர் கீழே அது கூம்பு மாதிரி எழும்பி வரும். ஒருமுறை எழும்பினால் மோட்டாரை நிறுத்தியதும் இறங்கிவிடாது. அடுத்த நல்ல வெள்ளம் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அது அடுத்த வருடமும் வரலாம், நாலு வருடமும் ஆகலாம்.

ஆழமான ஒரு போரைவிட, ஆழம் குறைந்த இரண்டு மூன்று ஃபில்டர் பாயிண்டில் சிறிய மோட்டாரை வைத்து, இடைவெளி விட்டு இறையுங்கள். மூன்றாம் போகம் நெல்லுக்குப் பதில் உளுந்து, பயறு. பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேசிப் பாருங்கள், அவர் போர் உப்பானால் உங்களுடையதும் ஆகும். மாதம் ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின் கடத்துத் திறனைப் பார்த்து எழுதி வையுங்கள். 2-ஐத் தாண்டும் மாதம் நெல்லுக்கு அந்தத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். மாதிரி எடுக்கும் முன் மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். குழாயில் தேங்கியிருந்த தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சரியான அளவு கிடைக்காது.